இரண்டாம் நாள்

கேட்டது ரின்சி, ஏழாம் வகுப்பு.
"சூரியன் நாலாம் நாளுதானே வருது,
அப்பம் மொதல் மூணு நாள
எத வச்சு எண்ணினாரு?"

போதகர் சிரித்தார்.
கர்த்தருக்கு ஒரு நாள் நமக்கு ஆயிரம் வருஷம் என்றார்.
காலேஜ் சார் ஹென்சிலி
பெருவெடிப்பில் தொடங்கி
பன்னிரண்டரைக்குத்தான் நிறுத்தினார்.
பின்வரிசையில் யாருக்கோ வயிறு இரைந்தது.
எனக்குப் பதில் தெரியும்.
எழும்பிச் சொல்லவில்லை.
கையில் ஒட்டுப்பால் நாற்றம்,
எந்த சோப்புக்கும் போகாதது.

ராத்திரி இரண்டரைக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பளுகல் ஏலாவுக்கு மேலே
முந்நூற்று நாற்பது மரங்களுக்குள் நான் இறங்கும்போது
சூரியன் எங்கே கிடக்கிறது?
ஆனாலும் வெட்டம் உண்டு.
ஒரு சாண் பட்டைக்கு மட்டுமான வெட்டம்.
புத்தகத்தில் அது வெளிச்சம்,
வீட்டில் எங்களுக்கு வெட்டம்.
கத்தி போன தடம் வெட்டு,
கத்திக்கு முன்னால் போவது வெட்டம்.
நெற்றியைத் திருப்பினால் ஒரு மரம் உண்டாகிறது.
திருப்பிக்கொண்டால் அது இல்லை.
நாள் எண்ண சூரியன் வேண்டாம் மோளே,
சிரட்டை போதும்.

சாயங்காலத்தை முன்னே வைத்து
விடியலைப் பின்னே வைத்து
அதை ஒரு நாள் என்று எழுதினவர்
பால் வெட்டப் போயிருப்பார் எப்போதாவது.

அன்று மதியம் கஞ்சி வடித்துவிட்டு
முதல் பக்கத்தை எடுத்து
விரல் வைத்து வாசித்தேன்.
முதல் நாள் வெளிச்சம். நல்லது.
இரண்டாம் நாள் தண்ணீரைப் பிரித்தார்,
மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்.
நல்லது என்று இல்லை.
திரும்ப வாசித்தேன். இல்லை.
தாள் இரண்டு ஒட்டிக்கிடக்குமோ என்று
நகத்தால் பிரித்தும் பார்த்தேன்.
மூன்றாம் நாளில் அது இரண்டு தடவை.

மழை நாளாயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.
மழை பெய்தால் வெட்டில்லை.
மறுநாள் இரண்டு பங்கு வெட்டினால்
கணக்கர் ரசலையன்
கூலிப் புத்தகத்தில் இரண்டு கோடு போடுவார்.

மனசு அதில் நிற்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய்.
ஆறு அந்தப் பக்கம்,
ஆற்றுக்கென்று வெட்டின கால்வாய் இந்தப் பக்கம்,
நடுவில் ஒரு கல்.
கல்லுக்கு ஒரு முகத்தில் ஒரு எழுத்து,
மறு முகத்தில் இன்னொரு எழுத்து,
உச்சியில் ஓணான்.
நான் கட்டி வந்த வருஷம் அதில் இடுப்பளவு தண்ணீர்,
முதல் சேலையை அதில்தான் அலசினேன்.
இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
பந்து மதகில் முட்டினால் நாலு.
வெள்ளறடையில் மகள் வீட்டில்
குழாயைத் திறந்தால் அதே ஆறு விழுகிறது.
"அம்ம இஞ்ச வந்து குளிச்சிட்டுப் போ" என்கிறாள்.
ஐந்து ரூபாய் கூட வாங்குகிறான் அந்தப் பக்கத்து பஸ்காரன்.

பிரித்தார்.
பிரித்ததை நின்று பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.
எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஹென்சிலி சாரை ரேஷன் கடையில் கண்டு சொன்னேன்.
"மூல பாஷையில பாத்தா..." என்று ஆரம்பித்தார்.
மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும் என்று
வரிசைக்குத் திரும்பிவிட்டேன்.

திங்கள். மணி மூன்றரை இருக்கும்.
பேட்டரி மங்கல்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் மரத்தில் கத்தி வைக்கையில்
கல்லுக்கு அப்புறத்து ரப்பரிலும்
ஒரு வெட்டம் குனிந்து நிமிர்ந்தது.
ஏதோ ஒரு சுகுமாரன், ஏதோ ஒரு ஓமனை.
அது கொஞ்சநேரம் என் பக்கம் பார்த்து நின்றது.
நானும் நின்றேன்.
நடுவில் கல் எங்கே என்று தெரியவில்லை.

சிரட்டையில் முதல் சொட்டு விழுந்தது.
நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன்,
எண்ணம் தவறிவிடும் என்று
அடுத்த மரத்துக்குப் போனேன்.