சேத மதிப்பீடு

முன் கண்ணாடி: முழுதும் போயிற்று.
இடது விளக்கு: தொங்குகிறது, எடுத்துவிடலாம்.
ஓட்டுநர் கதவில் குழி மூன்று.
மூன்றும் ஒரே சாய்வு,
எலுமிச்சம்பழம் பாதி புதையும் ஆழம்.
இரும்பு பட்டதென்று எழுதலாம்.
கோல்ஃப் மட்டை என்று எனக்குத் தெரியும்.

பதினேழு வருடமாக இந்தப் பட்டறையில்
நசுங்கிய வண்டிகளுக்கு விலை போடுகிறேன்.
மாடு மோதியது, மரம் மோதியது,
குடித்த மச்சான் கேட்டில் மோதியது.
தகரம் பொய் சொல்லாது.

படிவம் ஆங்கிலத்தில்.
இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன்,
ஃபீனிக்ஸ் கோயிலின் ஞாயிறு வகுப்பில்
தேவாரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த தமிழில்,
என் தெருவில் யாருக்கும் படிக்கத் தெரியாது என்ற
கோழைத்தனத்தில்.

அந்த வாரம் கடைகள் எரிந்தன. அதையும் எழுத வேண்டும்.
போலீஸ் நிலையத்தில் போனை எடுக்கவில்லை.
டர்பன் பக்கம் வானம்
மூன்று ராத்திரி தணல் நிறம்.
போனில் குரல்கள் வந்துகொண்டேயிருந்தன:
வருகிறார்கள், பாலம் தாண்டிவிட்டார்கள்,
நாற்பத்தொன்பது மறந்து போச்சா?
எங்கள் வீட்டில் அந்த வருடத்துக்குக் கதை கிடையாது.
வருடம் மட்டும்தான்.
சாப்பாட்டு மேசையில் யாராவது சொன்னால்
கரண்டிகள் நிற்கும்.

பயம் பொய்யில்லை.
பயந்தவன் கையில் மட்டை இருந்ததும் பொய்யில்லை.

தெருமுனையில் சோபா, டயர்,
யார் வீட்டிலோ உடைந்த ஃபிரிட்ஜ்.
தம்பி குபேந்திரன் அங்கே நின்றான்.
நான் உருளைக்கிழங்கு வைத்து ரொட்டி சுருட்டினேன்,
அறுபது.
எண்ணித்தான் அனுப்பினேன், ஆளுக்கு இரண்டு.

விடியற்காலை வந்தான்.
பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டியில்
மட்டையின் தலையைக் கழுவினான்.
டீ கேட்டான். போட்டேன்.
சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.
அது ஒன்றுதான் கேட்டேன்.

கோல்ஃப் ஆடத் தெரியாது அவனுக்கு.
கோயில் குலுக்கலில் விழுந்த பை அது.
இப்போது ஏழாம் நம்பர் இடம் மட்டும் காலி.
அடுத்த வாரமே போன் குழுவுக்குப் பெயர் மாற்றினார்கள்:
அக்கம்பக்கத்துப் பிரார்த்தனை.
படமாக ஒரு குத்துவிளக்கு.

வண்டிக்காரர் லுங்கேலோ குமேடே.
இனாண்டா முகவரி.
'காலமானார்' என்ற கட்டத்தில்
வேறு யாரோ ஏற்கெனவே டிக் போட்டிருந்தார்கள்.
திருட வந்தவன் என்றது தெரு.
பின்னிருக்கையின் கீழே பால்மாவு டப்பா இரண்டு,
ரசீதோடு.
மீதிச் சில்லறைகூட ரசீதுக்குள் மடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் மனைவி வந்தாள். நொம்பூசோ.
குழந்தை இருக்கையைக் கழற்றிக்கொள்ளலாமா என்றாள்.
கொக்கிக்குள் கண்ணாடித் தூள் இறுகியிருந்தது.
இருவரும் குனிந்து, தலை முட்ட,
பத்து நிமிடம் போராடினோம்.
என் கொண்டை ஊசிதான் கடைசியில் வேலை செய்தது.
நன்றி சொன்னாள்.
எனக்கு.

போகும்போது கதவருகே நின்றாள்.
முதல் குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.
பிறகு இரண்டாவதில்.
இது எதனால் ஆனது?
அங்காஸி என்றேன்.
தெரியாது.
பள்ளிக்கூட வேலியோரம் நானும் குபேந்திரனும்
முதன்முதலில் கற்ற ஸூலு வார்த்தை.
அவள் மொழியிலேயே பொய் சொன்னேன்.
மூன்றாவது குழியை அவள் தொடவில்லை.

நாயக்கர் எட்டிப் பார்க்கிறார்.
நாற்பது நிமிட வேலைம்மா, இழுத்துத் தட்டி
சில்வர் அடித்தால் புது வண்டி.
உண்மைதான். எங்கள் பட்டறை நல்ல பட்டறை.

கதவின் மேல் சாக்கட்டியால் எழுதினேன்:
தட்டாதே.

சேதத்தின் காரணம் என்ற கட்டம் இன்னும் காலி.
அவன் பெயரை அதில் எழுத
இன்றைக்கு விரல் வரவில்லை.
கீழே, இதர பொருட்கள் என்ற இடத்தில்
முதலில் இதை எழுதிவைக்கிறேன்:
மாவு மூன்று கிலோ.
உருளைக்கிழங்கு.
அறுபது.