கடன் வாங்கிக் கழித்தல்

சாயல்குடியில் பஸ் ஏறும்போதே மடியில் அந்தப் பெட்டி.
வட்டார வள மையத்தில் மூன்று கையெழுத்துப் போட்டு வாங்கியது.
ஒன்றுகளுக்குச் சின்னக் கட்டை நூறு,
பத்துகளுக்குக் கோல் இருபது,
நூறுக்குப் பலகை ஐந்து,
முள் நகர மறுக்கும் அட்டைக் கடிகாரம் ஒன்று.
தொலைந்தால் உங்கள் பொறுப்பு என்றார் எழுத்தர்.
லக்கேஜ் போடவா என்றார் கண்டக்டர்.
கணக்குப் பெட்டிங்க என்றேன்.
அப்பக் கனமாத்தான் இருக்கும் என்று
சீட்டுக் கிழிக்காமல் போய்விட்டார்.

மூக்கையூர் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பதினேழு பேர்.
கடல் நன்றாக இருக்கும் நாளில் பன்னிரண்டு.
பெட்டியைத் திறந்ததும்
ரோவன் ஒரு கட்டையை எடுத்து மோந்து பார்த்தான்.
"வாசமே இல்லயே டீச்சர்."
மஞ்சள் கட்டைகளைத் தனியே ஒதுக்கினாள் ஒருத்தி,
நண்டு பிரிக்கிற கை,
கேட்காமலே பிரித்தது.

முப்பத்திரண்டில் ஏழு போனால்?
மூன்று கோல். இரண்டு கட்டை.
டெல்சியா ஏழைத் தேடினாள்.
இரண்டைத்தான் எடுக்க முடிந்தது.
கோலை முறுக்கினாள், தரையில் தட்டினாள்,
கடைசியில் கடித்தாள்.
அரசாங்கப் பிளாஸ்டிக். அது கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றேன்.
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது,
நானும் அப்படித்தான் படித்தேன்.
பத்துகள் வீட்டில் ஒன்று வாங்கி
ஒன்றுகள் வீட்டில் பத்தாக வை.

"எப்பத் திருப்பிக் குடுக்கணும் டீச்சர்?"

குடுக்க வேண்டாம்மா.

"அப்புறம் எப்படி அது கடனு?"

அவள் அப்பா பெயர்
வள்ளத்துக்காரர் நோட்டில் நாலாம் பக்கம்.
ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கழித்தல்,
ஐஸுக்கு, டீசலுக்கு, போன வருஷத்து மோட்டாருக்கு.
அடியில் உள்ள தொகை மட்டும்
அப்படியே உட்கார்ந்திருக்கும்.
அவள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் கணக்கு அது.

பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தேன்.
இந்தக் கேள்வி எந்தத் தாளிலும் வரவில்லை.

மறுநாள் விளக்குமாற்று ஈர்க்கு நறுக்கிக் கொண்டுபோனேன்.
கட்டுவதற்கு நைலான் நூல்
அவர்களே கொண்டுவந்தார்கள், பச்சையும் நீலமும்.
பத்துப் பத்தாய்க் கட்டு என்றதுதான் தாமதம்,
ரோவன் கட்டியதை நானும் அவிழ்க்க முடியவில்லை.
நகம் பிய்ந்தது.
"வலை முடிச்சு டீச்சர். அவுந்தா மீனு போயிரும்ல."
அவிழணும்டா, நமக்கு இங்கே அவிழணும்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அப்ப வள்ளம் கட்டுற முடிச்சு போடுறேன்."

மூன்று கட்டு, இரண்டு ஈர்க்கு.
டெல்சியா நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு.
பத்து ஈர்க்கும் சிமெண்டுத் தரையில் சிதறின.
வகுப்பே கழுத்தை நீட்டியது.
பன்னிரண்டில் ஏழை ஒதுக்கினாள். ஐந்து.
கட்டு இரண்டு.
இருபத்தஞ்சு என்றவள்
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"இது கடன் இல்ல.
நம்ம கட்டத்தான நாம அவுக்குறோம்."

கரும்பலகையில் பாடத் தலைப்பின்
முதல் இரண்டு சொல்லை அழித்தேன்.
அவிழ்த்துக் கழித்தல் என்று எழுதினேன்.
மேலிடத்திலிருந்து யாராவது வந்தால்
என்ன சொல்வது என்று தெரியாது.

மாலை பஸ்ஸில் சம்பளச் சீட்டைப் பிரித்தேன்.
கூட்டுறவுச் சங்கம், பிடித்தம், தவணை பத்தொன்பது பை நாற்பத்தெட்டு.
இதற்கு எந்த நுனியை இழுப்பது என்று
ரோவனிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை இருப்புப் பதிவேடு.
கட்டை நூறு, சரி.
பலகை ஐந்து, சரி.
கடிகாரம் ஒன்று, ஓடாதது, சரி.
கோல் இருபது.
ஒன்றில் மட்டும் நாலு பல் தடம்,
மேல் வரிசையில் ஒரு பல் விழுந்திருப்பதும் தெரிகிறது.
நிலை என்ற கட்டத்தில்
நன்று என்று எழுதிப் பூட்டினேன்.