நான்காவது டேக்

மழைக்கு ஓய்வு தெரியாத பெர்கன் நகரில்
மத்தி மீனை டப்பாவில் அடைத்த பழைய தொழிற்சாலையின்
அடித்தளத்தில் என் ஒலிப்பதிவுக் கூடம்.
எத்தனை பூச்சு பூசினாலும்
ஈர நாட்களில் சுவர் லேசாக மீன் மணக்கும்.
அன்றும் மணத்தது.

டோருன் முதலில் வந்தாள், கிதாருடன்.
பத்து நிமிடம் கழித்து எய்விண்ட்.
முன்பெல்லாம் ஒரே குடையில் வருவார்கள்,
ஆளுக்கொரு தோள் நனைந்து.
இன்று இருவருமே நனையவில்லை.
நான் அதைக் கவனித்ததைக்
காபி ஊற்றி மறைத்தேன்.

பாட்டு அவள் எழுதியது.
மூன்று நிமிடம் பதினொரு நொடி.
துள்ளிக்கொண்டு ஓடும் தாளம்,
பள்ளிக்கூடம் விட்டதுபோல் ஒரு சைலபோன்,
இரண்டாம் பல்லவிக்குக் கைத்தட்டல்.
கேட்பவர்கள் பாத்திரம் கழுவியபடி தலையாட்டுவார்கள்.
சொற்கள் காதில் விழ
ஆறேழு முறையாவது ஆகும்.

சொற்களில் இருப்பது இவ்வளவுதான்:
கூடாரம் யாருக்கு,
அதன் ஆணிகள் யாருக்கு,
ஃபெரிக்குச் சேர்த்து வாங்கிய பத்துச் சீட்டில்
மிச்சமிருக்கும் மூன்றை
எப்படி இரண்டாக்குவது.

வேறு யாரையாவது பேஸ் வாசிக்க வைக்கலாமே
என்று அவளிடம் தனியாகக் கேட்டேன்.
"இந்த வரிகள் அவனுக்குத்தான் தெரியும்" என்றாள்,
வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்வதுபோல.
அவன் அந்தப் பக்கம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே சேர்ந்திருந்த சுருதியை.

முதல் டேக்கில் அவன் முந்தினான்.
இரண்டாவதில் அவள் சிரித்துவிட்டாள்,
எதற்கென்று சொல்லவில்லை.
மூன்றாவது சுத்தமாக இருந்தது,
சலவைக்கடையிலிருந்து வந்த சட்டைபோல,
யாருடைய உடம்பும் இல்லாமல்.

கைத்தட்டலுக்கு ஒரே மைக்.
அருகருகே நிற்க வேண்டியிருந்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்:
ஒருவரை ஒருவர் பார்க்காமல்,
நூலிழைகூடப் பிசகாமல்,
நான்கு கைகளும் தட்டின.
கைகளுக்கு இன்னும்
யாரும் சேதி சொல்லியிருக்கவில்லை.

இந்த ஊர் மொழியில்
நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் ஒரே சொல்.
உதட்டைக் கடித்து விடுவிக்கும் ஓரெழுத்து ஒருமொழி.
பாட்டு முழுக்க அதுதான்.
முதல் சரணத்தில் அவள் பாடியபோது
எனக்கு நாம் என்று கேட்டது.
அவனிடம் சொல்கிறாள்,
நான் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறேன்.
கடைசிச் சரணத்தில் அதே சொல், அதே ஸ்வரம்,
நாங்கள் என்று கேட்டது.
என்னிடம் சொல்கிறாள்,
பாத்திரம் கழுவும் எவரிடமோ சொல்கிறாள்.
எந்த வரியில் மாறியது?
அன்றிரவு நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தேன்.
பிடிபடவில்லை.

நான்காவதைத்தான் வைத்துக்கொண்டோம்.
பிறகு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன, தனித்தனியாக.
அவள்: பல்லவிக்கு முன்னால் அவன் மூச்சு கேட்கிறது, எடுத்துவிடுங்கள்.
அவன்: பேஸைக் கொஞ்சம் குறையுங்கள், அவள் குரல் மேலே வரட்டும்.
இரண்டையும் செய்தேன்.
சொன்ன வேலையைச் செய்பவன் நான்.

இப்போது அது சூப்பர் மார்க்கெட்டில் ஒலிக்கிறது,
உறைந்த பட்டாணிக்கு மேலே.
என் மகன் தள்ளுவண்டியில் தாளம் போடுகிறான்,
அந்த இரண்டாம் பல்லவிக்குச் சரியாக.

ஆனால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே
நான் நிறுத்த மறந்த பதிவில்
பத்தொன்பது நொடிகள் இருக்கின்றன.
யாருக்கும் அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.
நாற்காலி முனகுகிறது.
தெர்மாஸ் மூடி திறக்கிறது.
"குளிருதா?"
"இல்லை."
பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றும் ஓசை.
பிறகு அதை வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஓசை.
பிறகு என் குரல்,
எங்கோ தொலைவில், முட்டாள்தனமாக:
தயாரா?