எனக்குத் தெரிந்தவரை

எம்டன் நகர நீதிமன்றம், இரண்டாம் மாடி.
சன்னலுக்கு அப்பால் துறைமுகத்தில்
கப்பலேறக் காத்திருக்கின்றன வரிசை வரிசையாகப் புதுக் கார்கள்.
அவற்றைப் பற்றி இன்னும் யாரும் யாரிடமும்
எந்த உறுதியும் சொல்லவில்லை.

கீழே வாசலில் நிற்பதோ
பதினான்கு வயதுச் சாம்பல் நிற டீசல் வண்டி.
காலையில் மழையில் நின்று அதை அளந்தவன் நான்.
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி,
தகரத்தில் வைத்தால் பூச்சின் கனத்தைச் சொல்லும்.
பானெட்டில் நூற்றுப் பத்து மைக்ரான்.
கூரையில் நூற்றுப் பதினைந்து.
இடது பின்கதவில்
அறுநூற்று நாற்பது.

கதவு எங்கோ அடிவாங்கியிருக்கிறது.
பட்டி வைத்து, தேய்த்து, வண்ணம் அடித்திருக்கிறார்கள்.
வேலை சுத்தம் என்றும் அறிக்கையில் எழுதினேன்.
அதை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் ஒரே தாள்.
மளிகைக் கடை வாசலில்
தள்ளுவண்டியின் மேல் வைத்துக் கையெழுத்தானதால்
எழுத்தெல்லாம் கம்பிகளின் மேடு பள்ளம்.
மூவாயிரத்துத் தொள்ளாயிரம் யூரோ, ரொக்கம்.
பார்த்தபடி வாங்கப்பட்டது.
குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்ல.
அதன் கீழே சின்னக் கட்டம், கட்டத்துக்குள் பெருக்கல் குறி:
விற்பவர் அறிந்தவரை, விபத்துக்கு உள்ளாகாதது.

விபத்துக்கு உள்ளாகாதது, என்று படித்தார்
வாங்கிய ஊபோ தியார்க்ஸ்,
ரொட்டிக் கடையில் இரவு வேலைக்காரர்,
கண்ணில் தூக்கம், சட்டைக் கையில் மாவு.
அறிந்தவரை, என்று படித்தார்
விற்ற கெஷே ஒல்ட்மன்ஸ்,
தீவுப் படகுக்குச் சீட்டுக் கொடுப்பவர்.
ஒரே வரி.
ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில்
பதினோரு மாதம் போயிருந்தது.

நீதிபதி எல்லாவற்றையும்
கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவிக்குத் திருப்பிச் சொன்னார்,
நிறுத்தக்குறிகள் உட்பட:
தனக்கு விற்றவரிடம் தானும் கேட்டதாகப் பிரதிவாதி சொல்கிறார் காற்புள்ளி
அவரும் அறிந்தவரை இல்லை என்றே சொன்னாராம் முற்றுப்புள்ளி.
அவர் இப்போது உயிரோடில்லை முற்றுப்புள்ளி.
அவருக்கும் முன்னால் ஒரு கம்பெனி.
கம்பெனியும் இல்லை.

நாலு கை பார்த்த வண்டி.
ஒவ்வொரு கையிலும் சேதி கொஞ்சம் கசிந்து போயிருக்கிறது.
கதவின் கனம்தான் அப்படியே.

விற்றவருக்குத் தெரிந்திருக்குமா, என்று என்னிடம் கேட்டார்.
வெறும் கண்ணுக்குத் தெரியாது, என்றேன்.
வெயில் சாய்ந்து விழும் மாலையில்
தேடிப் பார்ப்பவருக்குத் தெரியலாம், என்றேன்.
எம்டனில் அப்படி எத்தனை மாலை, என்றார் கெஷேயின் வக்கீல்.
ஊபோவைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.
நான் சிரித்திருக்கக் கூடாது.

கடைசியில் சமரசம். எண்ணூற்றைம்பது யூரோ.
செலவு அவரவருக்கு.
என் கட்டணம் அதைவிட அதிகம்;
இருவரும் பாதிப் பாதி.

வெளியே மழை விடவில்லை.
ஊபோ சாவியைத் திருப்புகிறார், வண்டி இருமுகிறது,
மறுபடி திருப்புகிறார், மறுபடி இருமல்.
கெஷே தன் பாட்டுக்குக் கடந்து போனவர்
நின்றார். திரும்பி வந்தார். கண்ணாடியைத் தட்டினார்.
"பாதி திருப்புங்க. அந்த மஞ்சள் விளக்கு அணையட்டும்.
இன்னொரு தடவை பாதி.
ம்... இப்ப."

கிளம்பிவிட்டது.
நன்றி சொல்லத் திறந்த வாயை
ஊபோ அப்படியே மூடிக்கொண்டார்.
எனக்கும் அதுதான் தோன்றியது:
இது எந்தத் தாளிலும் இல்லையே.
கெஷேயின் முகத்திலும் அது ஒரு கணம் ஓடியது.
தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு
பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தார், வேகமாக.

கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
என் வண்டியும் பழசுதான்,
ஒரு தனியாளிடம் வாங்கியது, ஆறு வருடம் ஆயிற்று.
பெட்டி எப்போதும் அதன் பின்னிருக்கையில்தான் இருக்கிறது.
இதுவரை ஒருமுறை கூட
அதை இதன்மேல் வைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் விற்கலாம் என்றிருக்கிறேன்.