மேல் வரி, கீழ் வரி

திங்கள் காலை ஃபைல் வந்தது.
உட்துறைமுக வீதி வளைவில் நடப்போகும் பலகைக்கு
இரண்டு ஆங்கில வரிகள்.
மேலே ஹாபர். கீழே போட்.
தமிழ் எழுதித் தரவேண்டியது நான்,
சம்பளப் பட்டியலில்
மொழிபெயர்ப்பாளர், தரம் மூன்று.

மேல் வரிக்குத் துறைமுகம் என்று எழுதினேன்.
கீழ் வரிக்கும்
துறைமுகம் என்று எழுதிவிட்டுப்
பேனையை மூடினேன்.
திறந்தேன்.

பக்கத்து மேசை நஸீஹா கிண்ணியாக்காரி.
"போட் எண்டா வள்ளம்தானே" என்று சிரித்தாள்.
பிறகு அவளே,
"போட்டுக்கு கேற் இருக்கு. ஹாபருக்கு இல்ல."
அகராதி அரைப்பக்கம் எடுத்துச் சொன்னதை
பணிஸைக் கடித்தபடி முடித்துவிட்டாள்.

போட்டுக்குப் பாஸ் வேண்டும்.
முத்திரை, நிறுவை, பாரந்தூக்கி, ஓவர்டைம்,
கோதுமைக் கப்பல் பிந்தினால்
கோபிப்பதற்கு ஓர் அதிகாரி.
என் தம்பி நாட்டைவிட்டுப் போன
அந்தச் சின்னப் புத்தகத்தின் பெயரிலும் பாதி அதுதான்.
யாரோ கட்டியது.
பூட்டலாம். குத்தகைக்கும் கொடுக்கலாம்.

ஹாபரை எவரும் கட்டவில்லை.
மலைகள் கொஞ்சம் விலகி நின்று
வா என்றன, கடல் வந்தது.
உவர்மலை வளைவில் பஸ் திரும்பும்போது பாருங்கள்,
வெளியே அலை அடித்துக்கொண்டிருக்கும்,
உள்ளே தண்ணீர்
யாரோ சொல்லி வைத்ததுபோல் சத்தமில்லாமல் இருக்கும்.

ஆனால் எனக்கு அந்தச் சொல்
முதலில் கடலாக வரவில்லை.
ஒன்பது வயதில், காக்கி உறைக்குள் வந்தது.
அப்பாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம்,
குற்றம் என்ற இடத்தில் ஒரேயொரு ஆங்கிலச் சொல்.
என் பள்ளிக்கூட அகராதி
துறைமுகம் என்றது.
"அப்பா, எங்கட வீட்டில துறைமுகம் இருக்காம்"
என்று சத்தமாக வாசித்தேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால்
நாலு இரவு படுத்திருந்தவன் யாரென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அவன் இருமினால்
அம்மா எழுந்து அம்மியில் குழவியை இழுப்பாள்.
அவன் போனபின்னும் கொஞ்சக்காலம்
அந்த நேரத்துக்கு
வெறும் அம்மியை அரைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பதினொரு மாதத்தில் திரும்பி வந்தார்.
காட்டிக்கொடுத்தது யாரென்று அவருக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
எதிர்ப்பட்டால் வீதியைக் கடந்து மறுபக்கம் போவார்.
மனசுக்குள் ஒன்றை வைத்து
வெளியே விடாதிருப்பதற்கும்
ஆங்கிலம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது
என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

செவ்வாய்க்கிழமை
பலகை எழுதும் டெரன்ஸ் பார்த்தலட் போன் எடுத்தார்.
"மிஸ், ரெண்டும் ஒண்டுதானே?
ஒண்ட விட்டா பெயின்ற் மிச்சம்."

புகல் என்று யோசித்தேன்.
ஒதுக்கிடம். குடா.
அரச சொற்பட்டியல் எதையும் ஒப்புக்கொள்ளாது.

"பார்த்தலட் ஐயா,
போன கார்த்திகைப் புயலுக்கு
நீர்கொழும்புப் படகு ரெண்டு ஓடி வந்ததே, நினைவிருக்கா?
ராத்திரி, துறைமுகம்
ஒண்டும் கேக்காம உள்ள எடுத்துது.
விடிய, துறைமுகம் வந்து
பத்திரம் கேட்டுது."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ரேடியோ மட்டும் கேட்டது.
"சரி மிஸ். ரெண்டையும் எழுதுறன்."

பலகை நட்டு ஒரு கிழமை.
இன்று ஒரு பொடியன் பேசினான்,
இலக்கத்தைப் பலகையின் அடியில் பார்த்தானாம்.
"மிஸ், தமிழ் பிழை. ஒரே சொல்ல
ரெண்டு தரம் எழுதியிருக்கு."

எது பிழை, தம்பி?

அவன் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.
காற்றும் ஒரு லொறியும் கடந்துபோகும் சத்தம்.

"கீழ இருக்கிறது."