இருபதாம் தேதிக்குள்

கைப்பேசியை அரிசி டின்னில் புதைத்துவிட்டேன்.
மூடிமேல் மாவு வாளி.
எடுக்க வேண்டுமானால்
வாளியை இறக்க வேண்டும், கை நுழைத்துத் துழாவ வேண்டும்.
என் சோம்பலை எனக்குத் தெரியும்,
அதை நம்பித்தான் இந்த ஏற்பாடு.

மணி ஒன்பது இருபது.
முதுநகர் ஐஸ் கம்பெனியின் மாதக் கணக்கு.
லோடு நோட்டில் வெளியே போன ஐஸுக்கும்
வசூல் நோட்டில் உள்ளே வந்த பணத்துக்கும் நடுவில்
ஆறாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்
யாரோடும் சேராமல் நிற்கிறது,
கல்யாண வீட்டில்
பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று
யாருக்கும் தெரியாத ஆள் மாதிரி.

கவனம் சிதறும்போதெல்லாம்
காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வை என்று
எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

9.35 சரக்கு ரயில்.
எண்ணக் கூடாது என்று எண்ணிக்கொண்டே
ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினேன்.
9.50 தெற்குக் காற்று. சிப்காட் நாற்றம்.
ஜன்னலைச் சாத்தினேன்.
9.58 வியர்வை. திறந்தேன்.
10.10 மாடிவீட்டு ரோஸ்லின்:
“அக்கா, போன் பண்ணா எடுக்க மாட்டீங்களா?”
“அரிசில இருக்கு.”
“தண்ணில விழுந்துடிச்சா?”
“இல்ல. நான்தான் விழுந்துகிட்டே இருக்கேன்.”
அவளுக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போனாள்.

டின்னுக்குள் வண்டு போல ஒரு உறுமல்.
நிற்கிறது. மறுபடி.
மாட்டேன்.

பதினொன்றரைக்குத் தாளைப் பார்த்தேன்.
பதினாலு வரி.
அதில் பத்து வரிக்கு
யாரும் வரவில்லை, எதுவும் கூப்பிடவில்லை.
தயிர் உறைந்ததா என்று நானே போயிருக்கிறேன்.
அதே தயிரை இரண்டாம் முறையும் பார்த்திருக்கிறேன்.
கட்டைவிரல் நகம் வெட்டியிருக்கிறேன்,
ஒரு விரல் மட்டும்.
ரயிலையும் காற்றையும்
இவ்வளவு நாள் திட்டியதற்கு
மனசுக்குள் ஒரு மன்னிப்பு.

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன்.
துப்பட்டாவை இடுப்போடு நாற்காலியில் கட்டினேன்.
எழுந்தால் முடிச்சு இழுக்கும்.
இழுத்தது. உட்கார்ந்தேன்.
இழுத்தது. உட்கார்ந்தேன்.
மூன்றாம் முறை இழுக்கவில்லை.

அப்போதுதான் “காரப்பொடி, மத்தி” என்று
அஞ்சலாட்சியின் குரல்.
கதவைத் திறக்கவில்லை.
அவளுக்கென்ன, ஜன்னல் நிழலில் கூடையை இறக்கி
ரோஸ்லினிடம் நியாயம் பேசுகிறாள்.
காதுக்கு முடிச்சுப் போட முடியுமா?
“பதினொண்ணாந்தேதி ரெண்டாம் நம்பர் கூண்டு ஏத்துனானுங்களா,
எங்க மச்சான் போட்டு ரெண்டும் போவல.
எழுவத்திரண்டு பாரு ஐஸ
ஏத்திட்டுத் திரும்பி எறக்குனதுதான் மிச்சம்.
கம்பெனிக்கே போயிடிச்சி.”

எழுபத்திரண்டு.
பார் தொண்ணூறு ரூபாய்.
பெருக்கிப் பார்க்கக்கூடத் தேவையில்லை, இருந்தும் பெருக்கினேன்.

நாற்காலியோடு எழுந்து ஓடினேன் என்பதை
ரோஸ்லின் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

திரும்பிய ஐஸுக்கு ஒரு வரி எழுதினேன்.
இரண்டு பக்கமும் சமம்.
காலண்டர் தாளில்
12.05 என்று போட்டு நிறுத்திவிட்டேன்.
பக்கத்தில் என்ன எழுதுவது?
அரைக்கிலோ காரப்பொடி என்று மட்டும் எழுதினேன்.

சாயங்காலம் அரிசி அளக்கும்போது கையில் தட்டுப்பட்டது,
தவிடு பூசிக்கொண்டு.
தவறிய அழைப்புகள் ஒன்பது.
ஒன்று ரோஸ்லின்.
மீதி எட்டும் ஐஸ் கம்பெனி முதலாளி.
கடைசியில் ஒரு செய்தி:
“கணக்கு முடிஞ்சிதாம்மா?”