தீர்மானம் எண் பதினேழு

மினிட் நோட்டு எழுதுவது என் வேலை.
கையெழுத்து நன்றாயிருக்கும்,
வேறு தகுதியில்லை.
தோமையார்துறை மீன் விற்கும் பெண்கள் சங்கம்,
சனி மாலை ஐந்து மணி, வலைக்கூடம்.
வந்தவர்கள் நாற்பத்தொன்று.
வந்து நின்ற ஆண்கள் கணக்கில் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்த அதிகாரி
ஒரு படத்தை விரித்தார்.
கரை ஒரு கோடு. அப்புறம் எல்லாம் நீலம்.
நீலத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்,
ஒவ்வொன்றும் ஒரு காற்றாலை.
"காலி இடம்தான்" என்றார்.
மரியாதையாகத்தான் சொன்னார்.

சேசடிமை எழுந்து வந்து பேனாவைக் கேட்டார்.
என் பேனா.
மூன்றாம் புள்ளிமேல் எழுதினார்: முட்டுப்பார்.
கோயில் கோபுரமும் வேளிமலை இடுக்கும்
நேர்கோட்டில் விழும்போது வல்லத்தை நிறுத்து,
அடியில் பார் இருக்கும்,
கணவாய் முட்டையிடும் இடம்.
ஐந்தாம் புள்ளி: கள்ளிப்பார்.
ஏழு: நெடுமடை.
ஒன்பதில் 'வின்சி' என்று எழுதினார்.
"இதுவும் பாரா?"
"இல்ல சார். என் தம்பி. அங்கதான் போனான்."

இதை நோட்டில் எழுதவில்லை.

காற்று வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.
வாடையும் கச்சானும்
எங்களிடம் கேட்காமல் வீட்டுக்குள் வருகிறவை.
மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கால்கள்
இங்கே எல்லோருக்கும் உண்டு.
பனிமயம் மட்டும் ஆரல்வாய்மொழியைச் சொன்னாள்:
அவள் கொழுந்தன் ஒன்றரை ஏக்கரைக் கொடுத்தான்,
இப்போது அதே ஒன்றரை ஏக்கரில் வாட்ச்மேன்.
மேலே இறக்கை சுற்றுகிறது,
கீழே அவன் குடிலில்
மெழுகுவர்த்தி.

ரெக்ஸ்லின் கதவோரம் நின்று கத்தினான்:
"டிப்ளமோ முடிச்சு நாலு வருஷம்.
வேலை வரட்டுமே, ஏன் தடுக்கீங்க?"
சிரித்தவர்களை நான் அதட்டினேன்.
அவன் கேட்டதும் நியாயம்தான்.
வாட்ச்மேன் வேலை இல்லை,
மேலே ஏறிப் பழுது பார்க்கும் வேலை,
அதற்குப் பயிற்சி இந்தத் துறையிலேயே:
பென்சிலால் எழுதி, பிறகு மையால் எழுதினேன்.

அப்புறம் ஐஸ்.
டெல்பின் கரண்டு பில்லைத் தூக்கிக் காட்டினாள்,
கெட்டுப்போன மீனைக் காட்டுவதுபோல.
வலைக்கூடத்துக் கூரையில் சோலார் போடுவோம்,
கடன் நம் பேரில், ஐஸ் நம் பேரில்.
உப்புக்காற்று தின்றுவிடும் என்றார்கள்.
"படகுக்கு என்ன போல்ட் போடுதோம்?
அதே போல்ட்."
பங்கு ஆளுக்கொன்று, ஐயாயிரம்.
வியாகுலம்மாள் எழுந்தாள். கூடையை எடுத்தாள்.
போகிறவளை யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள்.
தினமும் விடியுமுன் கண்ணாடியில் உப்பைத் துடைக்க
ஒரு ஆள் வேண்டுமே,
அந்தக் கை ஐயாயிரம் பெறாதா?
அரைமணி நேரம் சண்டை.
பெறும் என்று முடிந்தது.

வங்கியில் நாளைக்கு
"வீட்டுக்காரர் கையெழுத்து?" என்பார்கள்.
நாற்பத்தொன்றில் பதினொருவருக்கு
வீட்டுக்காரர் கடலுக்குள்.

தீர்மானம் எண் பதினேழு:
பார்களின் பெயர் இல்லாத படத்தில்
கையெழுத்து இடுவதில்லை.
கடலில் வருமானம் வந்தால்
கடலுக்குப் பங்கு, அதாவது எங்களுக்கு.
எங்கே நடக்கூடாது என்பதை
நாங்கள் வரைந்து தருவோம், ஒரு மாதம் வேண்டும்.

அதிகாரி படத்தை மடித்தார்.
மை காய்ந்திருக்கவில்லை.
முட்டுப்பார், கள்ளிப்பார், வின்சி
தலைகீழாகக் கரைப்பக்கம் ஒட்டிக்கொண்டன,
ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடத்துக்குக் கிட்டே.
அவர் கவனிக்கவில்லை.

ஏழு பத்துக்குக் கரண்டு போனது.
கைரேகை வைக்க
ரெக்ஸ்லின் செல்போனை உயர்த்திப் பிடித்தான்.
கை வலிக்கிறது என்று
இரண்டு தடவை சொன்னான்.